ஒரே கொல்லை, தனித்தனித் தொட்டி: மாடு, ஆட்டோடு கோழி வளர்ப்பவர்களுக்கு

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமங்களில் கோழிக்கென்று ஓர் இடம், மாட்டுக்கென்று ஓர் இடம் என்று ஒதுக்கி வளர்ப்பவர்கள் குறைவு. ஒரு கறவை மாடு, அதன் கன்று, நான்கைந்து ஆடுகள், பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழிகள் எல்லாம் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு, ஆடு வழங்கும் திட்டமும், பின்னர் வந்த புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களும் நிலமில்லாத குடும்பங்களின் கொல்லைகளிலும் இந்தக் கூட்டு வளர்ப்பைக் கொண்டுவந்தன. ஒருங்கிணைந்த பண்ணையம் என்று வேளாண்மைத் துறை ஊக்குவிப்பதிலும் மாடு, ஆடு, கோழி மூன்றுக்கும் இடம் உண்டு.

சேர்த்து வளர்ப்பதில் நன்மை இருக்கிறது. படுத்து அசைபோடும் மாட்டின் உடம்பிலிருந்து கோழி உண்ணியைக் கொத்தித் தின்னும். சாணியைக் கிளறி ஈப்புழுவைப் பொறுக்கும். மாடு சிந்திய தவிட்டையும் தானியத்தையும் வீணாக்காது. வாத்து, வாய்க்காலிலும் குளத்திலும் உள்ள நத்தையைத் தின்னும். மாட்டுக்கு வரும் கல்லீரல் தட்டைப்புழு அந்த நத்தைக்குள்தான் வளர்கிறது. ஆகவே கோழியை விற்றுவிடுங்கள் என்றோ மாட்டை வேறிடத்தில் கட்டுங்கள் என்றோ இந்த அத்தியாயம் சொல்லப்போவதில்லை.

ஆபத்து எந்த வழியாக வருகிறது என்பதில்தான் பலருக்கும் தெளிவில்லை. கோழிக்கு நோய் வந்தால் மாட்டுக்குத் தொற்றிவிடுமோ என்று பயப்படுகிறோம். அது அரிது. அதிகம் அஞ்ச வேண்டியவை மூன்று: கோழியின் தீவனம், கோழியின் எச்சம், செத்த கோழி. இந்த மூன்றும் மாடு, ஆட்டின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும் பகுதி ஆபத்து அகன்றுவிடும்.

எது தொற்றாது, எது தொற்றும்

முதலில் வீண்பயத்தை விலக்குவோம். கோழிக்கு வரும் வெள்ளைக்கழிச்சல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் வராது. மாட்டின் கோமாரி கோழிக்கு வராது. கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளமாக வரும் அம்மைக்கும், மாட்டின் தோலில் கட்டி கட்டியாக வரும் தோல் கழலை நோய்க்கும் தொடர்பு இல்லை. இரண்டும் வேறு வேறு வைரஸ்கள். கோழிக்குஞ்சு இரத்தமாகக் கழியும் இரத்தக்கழிச்சலும் அப்படியே. ஆட்டுக்குட்டிக்கும் இதே பெயரில் ஒரு கழிச்சல் உண்டு. ஆனால் கோழியின் ஒட்டுண்ணி கோழியில்தான் வளரும், ஆட்டினுடையது ஆட்டில்தான் வளரும்.

தொற்றக்கூடியவற்றில் முதலாவது சால்மொனெல்லா. கோழி எந்த அறிகுறியும் காட்டாமல் எச்சத்தில் இந்தக் கிருமியைக் கழித்துக்கொண்டிருக்கும். அது தண்ணீர்த் தொட்டியிலோ தவிட்டிலோ விழுந்தால் இளங்கன்றுக்குக் காய்ச்சலோடு நாற்றமடிக்கும் கழிச்சல் வரும். சினைமாடு கன்று வீசவும் கூடும். வீட்டுக் குழந்தைகளுக்கும் இதே கிருமி வயிற்றுப்போக்கைக் கொடுக்கும்.

இரண்டாவது, பறவைக் காசநோய்க் கிருமி. மாட்டில் இது பெரிய நோயை உண்டாக்குவது அரிது. ஆனால் மாட்டுக்குக் காசநோய் இருக்கிறதா என்று ஊசி போட்டுப் பார்க்கும்போது, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். அதனால்தான் மருத்துவர் சில சமயம் மாட்டின் கழுத்தில் இரண்டு இடங்களில் ஊசி போட்டு, மாட்டுக் காசநோய்க்கான வீக்கத்தையும் பறவைக் காசநோய்க்கான வீக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். அப்போது உங்கள் கொல்லையில் கோழி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, மாட்டுக்கொட்டகை மரச்சட்டங்களின் இடுக்கில் ஒளிந்திருக்கும் கோழி உண்ணி. பகலில் கண்ணில் படாது. இரவில் இறங்கி, அடைந்திருக்கும் கோழியின் இரத்தத்தைக் குடிக்கும். கோழிக்குக் காய்ச்சலையும் பரப்பும். கோழிச்செள் என்னும் நுண்பூச்சி பெருகிவிட்டால் மாட்டையும் கடிக்கும், பால் கறப்பவர் கையையும் கடிக்கும். மாட்டுக்கொட்டகைக்குள் கோழி அடையக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கோழித்தீவனம் ஆட்டுக்கு நஞ்சு

கொல்லையில் திடீரென்று ஆடு செத்தால் முதலில் கோழித்தீவன மூட்டையைப் போய்ப் பாருங்கள். அது அவிழ்ந்து கிடந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மாடும் ஆடும் அசைபோடும் பிராணிகள். அவற்றின் பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்லச் செரிக்கின்றன. கோழித்தீவனம் மக்காச்சோளம், குருணை, கம்பு போன்ற மாவுப்பொருளைப் பொடியாக அரைத்துச் செய்வது. பழக்கமில்லாத ஆடு அதை ஒரே மூச்சில் தின்றுவிட்டால், மாவைப் புளிக்கவைக்கும் கிருமிகள் சில மணி நேரத்தில் பெருகி லாக்டிக் அமிலத்தை ஊற்றெடுக்கவைக்கும். சாதாரணமாக 6க்கும் 7க்கும் இடையில் இருக்கும் பெருவயிற்றின் கார அமில நிலை 5க்கும் கீழே இறங்கிவிடும். நல்ல நுண்ணுயிர்கள் சாகும். உடம்பின் நீர் எல்லாம் வயிற்றுக்குள் இழுக்கப்படும். அமிலம் இரத்தத்தில் ஏறும்.

தின்ற 12 மணி முதல் 36 மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். அசைபோடுவது நிற்கும். இடப்பக்க வயிறு உப்பும். தட்டினால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும். கண் குழிவிழும். பல்லை நறநறவென்று கடிக்கும். தள்ளாடி, பிறகு படுத்துவிடும். பிழைத்த மாட்டுக்கும் சில நாளில் குளம்பு அழற்சி வந்து நொண்டலாம்.

அறுவடைக் காலத்தில் களத்து நெல்லை மேய்ந்த மாட்டுக்கும், மாட்டுப் பொங்கலன்று வயிறு முட்டப் பொங்கல் ஊட்டிய மாட்டுக்கும், கல்யாண வீட்டுச் சோற்றைத் தின்ற ஆட்டுக்கும் வருவது இதே நோய்தான். கோழித்தீவனம் பொடியாக இருப்பதால் இன்னும் வேகமாகப் புளிக்கும்.

தின்றது தெரிந்தவுடன், அறிகுறி வரும்வரை காத்திராமல் செய்ய வேண்டியவை:

1. மிச்சத் தீவனத்தை எடுத்துவிட்டு, காய்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். தவிடு, கஞ்சி, கழனித்தண்ணீர் எதுவும் வேண்டாம்.
2. எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்று கணித்து உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.
3. வீட்டில் சமையல் சோடா எப்போதும் இருக்கட்டும். எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, தண்ணீரில் கரைத்து, நின்றுகொண்டிருக்கும் பிராணிக்கு மட்டும் மெதுவாகப் புகட்டுங்கள். படுத்துவிட்ட பிராணிக்கு வாய்வழி எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.
4. நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், பேதி மருந்து என்று கண்டதைப் புகட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கறிக்கோழித் தீவனத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. இரத்தக்கழிச்சல் வராமல் தடுக்க அதில் மோனென்சின், சாலினோமைசின், மடுராமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். கோழி தாங்கும் அளவை மற்றப் பிராணிகள் தாங்குவதில்லை. குதிரைக்கு மிகக் குறைந்த அளவே இதயத்தைத் தாக்கிக் கொல்லும். ஆடும் மாடும் குதிரையைவிடத் தாங்கும் என்றாலும், அளவு மீறினால் தப்பாது. செம்மறியாட்டுக்குத் தாமிரமும் எதிரி. கோழித்தீவனத்திலும் எருவிலும் உள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, ஒருநாள் திடீரென்று மஞ்சள் காமாலையும் கறுத்த சிறுநீருமாக வெளிப்படும்.

கோழித்தீவனத்தில் இறைச்சித் தூள், எலும்புத் தூள் கலப்பதும் உண்டு. பால், இறைச்சிக்காக வளர்க்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அவற்றைக் கொடுப்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு விதி தடுக்கிறது. சிந்தியதை வீணாக்குவானேன் என்று கோழித்தீவனத்தை மாட்டுத் தவிட்டில் கலக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

வைக்கோல்போரில் செத்த கோழி

நெல் விளையும் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அடைகாக்க வைக்கோல்போருக்குள் புகுந்த கோழி அங்கேயே செத்துப்போகும். எலியும் சாகும். இப்போது அறுவடை இயந்திரம் போன பிறகு, வயலில் கிடக்கும் வைக்கோலை இயந்திரமே உருளையாகக் கட்டுகிறது. அதற்குள் எலியோ தவளையோ பாம்போ சிக்கினால் யாருக்கும் தெரியாது.

காற்றுப் புகாத இடத்தில் அழுகும் பிணத்தில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கும். உலகில் அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று அது. பிணத்தோடு ஒட்டியிருந்த ஒரு பிடி வைக்கோல் போதும், மாடு விழுந்துவிடும். காய்ச்சல் இருக்காது. முதலில் பின்னங்கால் தளரும். நாக்கை வெளியே இழுத்துவிட்டால் அதை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. எச்சில் ஒழுகும். மென்று விழுங்க முடியாமல் படுத்து, மூச்சுத் திணறிச் சாகும். கோழிக்கும் வாத்துக்கும் இதே நஞ்சு பட்டால் கழுத்து தொங்கிவிடும். முற்றிவிட்டால் வைத்தியம் பலிப்பது அரிது.

பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மாடுகள் இப்படிச் செத்ததை ஆராய்ந்தபோது, கோழிப்பண்ணைக் கழிவில் கலந்திருந்த செத்த கோழிகளே பல இடங்களில் காரணமாக இருந்தன. கழிவு எருவாகப் போடப்பட்ட நிலத்தில் மேய்ந்ததே போதுமானதாக இருந்தது.

ஆகவே வைக்கோல்போரைத் தரையிலிருந்து உயர்த்திய மேடையில் போடுங்கள். போரைச் சுற்றி ஆளுயர வலை கட்டிக் கோழி ஏறாமல் தடுங்கள். அடைக்கோழிக்கு வேறு இடத்தில் கூடை வையுங்கள். வைக்கோலைப் பிடுங்கும்போது நாற்றமோ இறகோ எலும்போ தென்பட்டால் அந்தப் பகுதியைச் சுற்றியுள்ள வைக்கோலையும் சேர்த்து எடுத்து எரித்துவிடுங்கள். கழுவியோ காயவைத்தோ பயன்படுத்தாதீர்கள். எலும்பையும் தோலையும் கடித்துத் திரியும் மாட்டுக்குப் பெரும்பாலும் பாஸ்பரஸ் சத்துக் குறைவு. கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுத்தால் அந்தப் பழக்கம் குறையும்.

கோழி எருவைக் கையாளும் முறை

கோழி எரு நல்ல எரு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தென்னைக்குப் பச்சையாகப் போட்டுவிட்டு அதே தோப்பில் மாட்டைக் கட்டுவதுதான் தவறு. மேலே சொன்ன நஞ்சு, சால்மொனெல்லா, மருந்து, தாமிரம் எல்லாம் அந்த எருவில் இருக்கக்கூடும்.

எருவைப் போடும் முன் செத்த கோழியும் எலும்பும் இல்லாமல் பொறுக்கிவிடுங்கள். குவித்து, ஈரப்படுத்தி, மேலே மண் பூசி மூடி வையுங்கள். நன்றாக மக்கும் குவியலின் உள்ளே 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏறும். அந்தச் சூட்டில் கிருமிகள் பல சாகும். ஒரு முறையாவது கிளறிப் புரட்டி, இரண்டு மாதம் போனபின் போடுங்கள். போட்டபின் மண்ணோடு கலந்துவிட்டு, குறைந்தது ஒரு மாதம் அங்கே மாடு, ஆடு மேய வேண்டாம்.

மாட்டால் கோழிக்கு வரும் கேடு

மாட்டுக்கு உண்ணி மருந்து தெளித்தால் கோழியை அன்று கட்டாயம் கூண்டில் அடையுங்கள். மருந்து பட்டு உதிர்ந்த உண்ணியைக் கோழி பொறுக்கும். தரையில் தேங்கிய மருந்துத் தண்ணீரைக் குடிக்கும். குஞ்சுகள் சாகலாம். பெரிய கோழி பிழைத்தாலும் முட்டையில் மருந்து இறங்கும். கொட்டகைத் தரையைக் கழுவி, காய்ந்த பிறகு திறந்துவிடுங்கள்; குறைந்தது இரண்டு நாளாவது மாட்டின் அருகே விடாதீர்கள்.

ஈயும் சாணிவண்டும் எறும்பும் கோழிக்கு நாடாப்புழுவைச் சுமந்துவருபவை. எருக்குழியே மேய்ச்சல் நிலமாக இருக்கும் கோழிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் தேவை. வான்கோழி வளர்ப்பவர்கள் அதைக் கோழியோடு சேர்த்து விடவே கூடாது. கோழி தாங்கும் கருந்தலை நோய் வான்கோழியைக் கொன்றுவிடும்.

கன்று ஈனும் இடத்துக்கும் குட்டி போடும் இடத்துக்கும் கோழியை அண்டவிடாதீர்கள். ஈரம் காயாத தொப்புள்கொடியையும் மாட்டின் புண்ணையும் கொத்தும்.

எலி வரும் வழி

இரவில் சிந்திக் கிடக்கும் கோழித்தீவனம் எலியை இழுக்கும். எலியின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கும். அது ஈரத் தரையிலும் தொட்டித் தண்ணீரிலும் கலந்தால் மாடு கன்று வீசும். பால் திடீரென்று குறையும். சேற்றில் வெறுங்காலோடு நடக்கும் நமக்கு வரும் எலிக்காய்ச்சலும் இதுதான். எலியைத் தேடியும் முட்டையைத் தேடியும் பாம்பு வரும். கோழி அடையும் இடமும் மாடு கட்டும் இடமும் ஒன்றாக இருந்தால், இருட்டில் கறக்கப் போகும் வீட்டுப் பெண்ணின் காலடியில்தான் அது கிடக்கும். ஆகவே சாயங்காலத் தீவனத்தைக் கோழி அரை மணியில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். மிச்சத்தைக் கூட்டி அள்ளுங்கள்.

பறவைக் காய்ச்சல்

இந்தியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். அதன்பின் நம்மைப்போலவே நெல் வயலும் வாத்துமாக வாழும் கேரளத்தின் குட்டநாட்டில் 2014இலும் பிறகு பலமுறையும் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2024 ஏப்ரலிலும் ஆலப்புழை மாவட்டத்தில் வந்தது.

நம் பக்கத்திலும் அறுவடை முடிந்த வயலில் வாத்துக்கூட்டம் மேய்கிறது. கோடியக்கரைக்கும் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்கும் ஐப்பசி தொடங்கி வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றன. நோய் இங்கே வரும் என்று சொல்லவில்லை. வரக்கூடிய வாசல் இருக்கிறது என்கிறேன்.

மாடு வளர்ப்பவர் இதைக் கவனிக்க ஒரு காரணம் உண்டு. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலப் பால்பண்ணைகளில் கறவை மாடுகளிடம் இதே வைரஸ் கண்டறியப்பட்டது. காட்டுப் பறவையிடமிருந்து மாட்டுக்கு வந்து, பிறகு கறவைக் கருவி வழியாக மாட்டுக்கு மாடு பரவியது. பால் குறைந்தது, வந்த பாலும் சீம்பால்போலத் தடித்து மஞ்சளானது. பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் செத்தன. மாட்டுக்கு இது வராது என்று அதுவரை நம்பியிருந்தார்கள்.

கொல்லையில் கோழி, வாத்து, காகம் என்று பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்தால் கையால் தொடாமல், வெட்டாமல், விற்காமல் கால்நடை உதவி மருத்துவருக்குச் சொல்லுங்கள். கோழியைப் பார்த்த கையோடு கறக்கப் போகாதீர்கள். சோப்பால் கழுவிவிட்டுப் போங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். காய்ச்சினால் இந்த வைரஸ் செத்துவிடும். பன்றி வளர்ப்பவர்கள் வாத்தையும் பன்றியையும் ஒரே குட்டையில் விடாதீர்கள். பறவைக் காய்ச்சலும் மனிதக் காய்ச்சலும் பன்றியின் உடம்பில் கலந்து புது வைரஸ் உண்டாகலாம். நெல் வயல் கொசு பரப்பும் மூளைக்காய்ச்சலுக்கும் நீர்ப்பறவையும் பன்றியுமே உறைவிடம்.

மழையும் வெள்ளமும்

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது ஏராளமான கால்நடைகளும் கோழிகளும் மாண்டன. தப்பியவை மேட்டிலும் சாலையோரத்திலும் ஒண்டிக்கொண்டன. இப்படிப்பட்ட நாட்களில் எந்தத் தடுப்பு வேலியும் நிற்காது. ஆகவே ஐப்பசிக்கு முன்பே ஆயத்தமாகுங்கள்.

மாட்டுக்குத் தொண்டை அடைப்பான் தடுப்பூசியை மழைக்கு முன்னால் போட்டுவிடுங்கள். கோழிக் காலராவை உண்டாக்குவதும் இதே பாஸ்டுரெல்லா இனக் கிருமிதான் என்றாலும் வகை வேறு. கோழியின் தடுப்பூசி மாட்டைக் காக்காது. கோழிகளைத் தூக்கிப்போக இரண்டு பஞ்சாரமாவது தயாராக இருக்கட்டும். மேட்டில் இடம் கிடைத்தால் ஒரு முனையில் மாடு, மறுமுனையில் கோழி. நனைந்த கோழித்தீவனத்தை மாட்டுக்குப் போடாதீர்கள். பூசணம் பிடித்திருந்தால் கோழிக்கும் வேண்டாம். செத்தவற்றை வாய்க்காலில் தள்ளிவிடாமல், கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமான மேட்டுநிலத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். தண்ணீர் வடிந்தபின் கொட்டகைத் தரையைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்த பிறகே மாட்டைக் கட்டுங்கள்.

கொல்லையை அமைப்பது

கூண்டு: மாட்டுக்கொட்டகைக்கும் கோழிக்கூண்டுக்கும் குறைந்தது 20 அடி இடைவெளி நல்லது. நம் ஊரில் ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று. ஐப்பசி முதல் தை வரை வடகிழக்கு வாடை. எனவே கொட்டகைக்கு வடமேற்கிலோ தென்கிழக்கிலோ கூண்டு வைத்தால், இரண்டு பருவத்திலும் எச்சத்தூசியும் நாற்றமும் மாட்டின் மேல் வீசாது. இடம் போதாதவர்கள் நடுவே ஒரு கீற்றுத் தட்டியாவது வையுங்கள்.

தீவனம்: மூடியுள்ள தகர டிரம்மில் போட்டு, கொக்கி மாட்டிய அறையில் வையுங்கள். சாக்கு மூட்டை ஆட்டுக்குத் தடையே அல்ல. கோழிக்குத் தீவனம் வைக்கும் இடத்தைச் சுற்றி மூன்று நான்கு அங்குல இடைவெளியில் மூங்கில் குச்சி ஊன்றினால் கோழி நுழையும், ஆடு நுழையாது.

தண்ணீர்: மாட்டுத் தொட்டியின் விளிம்பில் கோழி உட்கார முடியாதபடி உருளும் குழாயோ சாய்வுப் பலகையோ பொருத்துங்கள். கழனித் தொட்டிக்கு மூடி போடுங்கள். கோழிக்கும் வாத்துக்கும் தனித் தொட்டி.

நேரம்: பால் கறந்து, மாடு தின்று முடித்து, சாணி அள்ளிய பிறகே கூண்டைத் திறங்கள். சிந்தியதைக் கோழி பொறுக்கட்டும். பொழுது சாய்வதற்குள் கூண்டில் அடையுங்கள். கொட்டகை உத்தரத்தில் ஒரு கோழிகூட அடையக் கூடாது.

தடுப்பூசி: வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாமைக் கால்நடைப் பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் நடத்துகிறது, தவறவிடாதீர்கள். ஐயம் இருந்தால் உள்ளூர் கால்நடை மருந்தகத்திலோ, ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ, தஞ்சாவூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ கேட்கலாம்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு டிரம், ஒரு மூடி, கொஞ்சம் மூங்கில், கொஞ்சம் வலை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாதென்றால் தீவன மூட்டையிலிருந்து தொடங்குங்கள்; ஆட்டைக் கொல்லும் வேகம் அதற்குத்தான் அதிகம். அடுத்தது தண்ணீர்த் தொட்டி, அதற்கடுத்தது வைக்கோல்போர். கூண்டை இடம் மாற்றுவது நான்காவதாக இருக்கட்டும்.